நாலு வரியில் ஒரு கல், ஒரு குதிரை, ஒரு கலங்கரை விளக்கம்: கிரேக்கக் கவிஞர் பொசிடிப்போஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கே: பொசிடிப்போஸ் என்ற பெயரில் நகைச்சுவை நாடகம் எழுதியவர் ஒருவரும் சிறுகவிதை எழுதியவர் ஒருவரும் வருகிறார்கள். இருவரும் ஒருவர்தானா? கவிஞரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு?

ப: இருவரும் வேறு வேறு ஆட்கள். நாடகக்காரர் கசாண்ட்ரியா ஊர்க்காரர். கவிஞர் மாசிடோனியாவின் அன்றைய தலைநகரான பெல்லாவில் பிறந்தவர். இரண்டு ஊர்களும் மாசிடோனியாவில் இருப்பதாலும், இருவரும் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எழுதியதாலும் குழப்பம் எளிதாக வந்துவிடுகிறது. வத்திக்கான் அருங்காட்சியகத்தில், நாற்காலியில் அமர்ந்த ஒருவரின் பளிங்குச் சிலை, பொசிடிப்போஸ் என்று பெயர் வெட்டப்பட்டு இருக்கிறது. கவிஞரின் உருவம் என்று அதைப் பலரும் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது நாடகக்காரர்தான் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கவிஞராகவும் இருக்கலாம் என்று வாதாடியவர்கள் உண்டு. படத்தைப் பயன்படுத்துகிறவர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

கவிஞர் பிறந்தது கி.மு. 310 வாக்கில். எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களின் அவையோடு அவருக்கு நெருக்கம் இருந்தது. முதலாம் தாலமியின் மனைவி பெரினிகே, அவர்கள் மக்களான இரண்டாம் தாலமி, அர்சினோயே எல்லோருமே அவர் கவிதைகளில் வருகிறார்கள். அவர் வாழ்க்கைக்கு மிக உறுதியான சான்று கல்லில் இருக்கிறது. கிரேக்கத்தின் தெர்மோஸ் என்ற இடத்தில் கிடைத்த கல்வெட்டில், கி.மு. 263/62 வாக்கில், ஏட்டோலியக் கூட்டமைப்பு என்ற கிரேக்க ஊர்க் கூட்டணி சில வெளியூர்க்காரர்களுக்குப் புரொக்சினோஸ் (ஊரின் அயலூர் நண்பர்) என்ற கௌரவத்தை வழங்குகிறது. அந்தப் பட்டியலில் ‘பெல்லாவின் பொசிடிப்போஸ், எபிகிராம் செய்பவர்’ என்று இருக்கிறது. வெறுமனே கவிஞர் என்று போடவில்லை, எபிகிராம் என்ற ஒரே சிறுகவிதை வகையை அவர் தொழிலாகவே குறித்திருக்கிறார்கள். அந்தச் சிறு வடிவம் ஒன்றைக் கொண்டே ஒருவர் ஊர் ஊராகப் பெயர் வாங்க முடிந்த காலம் அது.

பெல்லாவின் கல்லறை ஒன்றில், ‘பெர்செபோனேக்கு: பொசிடிப்போஸ், பக்தியுள்ள தீட்சை பெற்றவன்’ என்ற பொருளில் எழுதிய சிறு தங்கத் தகடு கிடைத்தது. பெர்செபோனே பாதாள உலகின் அரசியான தெய்வம். அது நம் கவிஞருடையது என்று எழுதுவது தவறு. தகடு கி.மு. நாலாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது, அந்தக் கல்லறைக்காரர் கவிஞருக்கு முந்தியவர். அதே குடும்பத்து மூத்தவராக இருக்கலாம் என்பது யூகம்.

கே: எபிகிராம் என்பது கிரேக்கர்களின் குறள் என்று சொல்லலாமா? அதன் யாப்பு என்ன?

ப: குறளோடு ஒப்பிட இடமிருக்கிறது, ஆனால் நீதி சொல்வதில் அல்ல, அடியின் அமைப்பில். குறளில் முதலடி நாலு சீர், இரண்டாமடி மூன்று சீர். எபிகிராம் பெரும்பாலும் எழுதப்பட்ட எலிஜி ஈரடியிலும் முதலடி நீளம், இரண்டாமடி குறுக்கம். ஓசை நீண்டு எழுந்து, அடுத்த அடியில் கட்டுப்பட்டு நிற்கும்.

கிரேக்க யாப்பில் எதுகையும் மோனையும் தேவையில்லை. அசைகளின் கால அளவுதான் எல்லாம். நெடில் வந்தால் நீண்ட அசை. குறிலுக்குப் பின் இரண்டு மெய்கள் சேர்ந்து வந்தால் அதுவும் நீண்ட அசை. முதலடிக்கு ஆறு சீர். ஒவ்வொரு சீரும் ‘நீளம், குறுக்கம், குறுக்கம்’ என்று அமையும். இரண்டு குறுக்கத்துக்குப் பதில் ஒரு நீளம் போடலாம். ஐந்தாம் சீரில் மட்டும் அந்த மாற்றம் அரிது. ஆறாம் சீர் எப்போதும் இரண்டே அசை. இரண்டாமடி நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு பாதிகளாக நிற்கும், ஒவ்வொரு பாதியும் இரண்டரைச் சீர். முதல் பாதியில் மாற்றம் செய்யலாம், இரண்டாம் பாதியில் செய்யக் கூடாது. அதனால் ஒவ்வொரு ஈரடியும் ஒரே விதமான துள்ளலில் முடியும். இறுதிச் சொல் நெஞ்சில் தைப்பதற்கு இந்த விதிதான் காரணம்.

குறளிலிருந்து விலகும் இடம் நீளம். எபிகிராம் ஓர் ஈரடியோடு நிற்க வேண்டியதில்லை. பொசிடிப்போஸிடம் நாலு, ஆறு, எட்டு வரிக் கவிதைகளே அதிகம். சில கவிதைகள் 14 வரி வரை போகின்றன.

கே: இந்தக் கவிதைகள் உண்மையிலேயே கல்லறையிலும் சிலைப் பீடத்திலும் வெட்டப்பட்டவையா, ஏட்டுக்காக எழுதியவையா? எப்படிப் பிரித்தறிவது?

ப: எபிகிராம் என்ற வகை பிறந்தது கல்லில்தான். இறந்தவர் பெயர், தந்தை பெயர், ஊர், யார் நட்டார், எந்தத் தெய்வத்துக்கு, எதற்காக என்ற விவரங்கள்தான் அதன் எலும்புக்கூடு. வழிப்போக்கனை நிறுத்திப் பேசுவதும், ‘இந்த’ என்று சுட்டிக்காட்டுவதும் கல்லிலிருந்து வந்த பழக்கம். பொசிடிப்போஸ் காலத்தில் இதே அச்சில் ஏட்டுக்காகவும் எழுதினார்கள்.

பிரித்தறிய முதலில் விவரங்களைப் பாருங்கள். கல்லில் வெட்டிய கவிதையைக் கல்லே தாங்குவதால் பொருளை வருணிக்க வேண்டிய தேவை குறைவு. ஏட்டுக் கவிதையில் பொருள் வாசகன் கண்முன் இல்லை, ஆகவே வடிவம், நிறம், அளவு, இருக்குமிடம் எல்லாம் சொல்லுக்குள் வந்தாக வேண்டும். ஒரு சிலையை அதன் விரல் நுனிவரை வருணிக்கிற கவிதை அந்தச் சிலையின் பீடத்தில் இருந்திருக்கத் தேவையில்லை. அடுத்து, மரபைத் தெரிந்துகொண்டே அதை மாற்றுகிறாரா என்று பாருங்கள். பொசிடிப்போஸின் ஒரு கவிதையில், வழிப்போக்கனை நிற்கச் சொல்ல வேண்டிய இறந்தவர், ‘ஏன் நின்றாய், தூங்க விடமாட்டாயா’ என்று எரிச்சல்படுகிறார். கேட்டவன் விடாததால் பெயரையும் ஊரையும் மட்டும் சொல்கிறார்: பிலார்கோஸ் மகன் மெனாய்ட்டியோஸ், கிரீட் தீவுக்காரன், அந்நிய மண்ணில் கிடப்பதால் பேச்சு குறைவு. கல்லறைக் கவிதைகள் நூறு படித்தவன்தான் இதை ரசிக்க முடியும். இது வாசகனுக்காக எழுதியது என்று துணிந்து சொல்லலாம்.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் வேலை செய்யாது. அரசவைக்காக எழுதிய சில கவிதைகள் கல்லிலும் வெட்டப்பட்டு, ஏட்டிலும் ஏறியிருக்கக் கூடும். வருணனை குறைவு என்ற ஒரே காரணத்தை வைத்து ‘இது கல்வெட்டுத்தான்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

கே: மம்மியிலிருந்து கிடைத்த சுருள் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். அதற்கு முன் அவரைப் பற்றி என்ன தெரிந்திருந்தது?

ப: அதற்கு முன் தெரிந்தது இருபதைச் சற்றே தாண்டிய கவிதைகள்தான். பெரும்பகுதி பிற்காலத் தொகை நூல்களில் வந்தவை, காதலும் குடியும் நிறைந்தவை. அந்தக் காலத்து ஆய்வு நூல்களில் பொசிடிப்போஸ் விருந்துக் கவிஞராகத்தான் இருப்பார். அந்தப் படத்தை அடியோடு மாற்றியது மிலான் பாப்பிரஸ் என்ற நாணல்தாள் சுருள்.

எகிப்தில் அந்தக் காலத்தில் மம்மிகளுக்கு முகமூடி, மார்புக் கவசம் எல்லாம் வீணான பாப்பிரஸ் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி, மேலே சுண்ணம் பூசி, வண்ணம் தீட்டிச் செய்வார்கள். பழைய கணக்குத் தாள், மனு, கடிதம், படித்து முடித்த இலக்கியச் சுருள் எதுவானாலும் உள்ளே போகும். அப்படி ஒரு மார்புக் கவசத்தைப் பிரித்ததில் வந்ததுதான் இந்தச் சுருள். கவிதைகள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட பிரதி. அதே கவசத்தில் இருந்த ஆவணத் தாள்கள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவை. கவிஞர் இறந்து ஒரு நூற்றாண்டு ஆவதற்குள்ளேயே அவருடைய புத்தகம் பழைய தாளாகப் போயிருக்கிறது. நமக்கு அது பேரதிர்ஷ்டம்: கவிஞர் வாழ்ந்த தலைமுறைக்கு இத்தனை அருகில் எழுதிய கவிதைப் புத்தகம் கிரேக்க இலக்கியத்தில் மிக அரிது.

1992-இல் பழம்பொருள் சந்தையிலிருந்து ஒரு வங்கியின் உதவியோடு மிலான் பல்கலைக்கழகத்துக்காக வாங்கினார்கள். கைடோ பாஸ்டியானினியும் கிளாடியோ கல்லாட்சியும் முழுப் பதிப்பை 2001-இல் வெளியிட்டார்கள். சந்தை வழியாக வந்ததால் எந்தக் கல்லறை, அருகில் என்னென்ன இருந்தன என்ற செய்திகள் நிரந்தரமாகப் போய்விட்டன. தோண்டி எடுத்த இடத்திலேயே பதிவு செய்திருந்தால் புத்தகம் யாருடையது என்றுகூட ஊகிக்க வழி கிடைத்திருக்கும். பழம்பொருள் வணிகத்தால் வரும் பெரிய நஷ்டம் இதுதான்.

எஞ்சியிருப்பது சுருளில் பக்கம் பக்கமாக நிற்கும் 16 பத்திகள், 112 கவிதைகள், 600 வரிக்குச் சற்று மேல். கவிதைகள் பொருள்வாரியாகத் தலைப்பிட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. கற்கள் 20, சகுனங்கள் 15, காணிக்கைகள் 6, கல்லறைகள் 20, சிலைகள் 9, குதிரைகள் 18, கப்பல் சேதம் 6, நோய் தீர்தல் 7, ‘முறைகள்’ என்று பொருள்படும் ஒரு பிரிவில் 8. அதற்குப் பின் தலைப்பு அழிந்த பிரிவில் 3 கவிதைகளின் சிதறல். தலைப்புகள் பத்தியின் நடுவில் எழுதப்பட்டிருக்கின்றன, கவிதைக்கும் கவிதைக்கும் இடையே சிறு கோடு. காதல் கவிதைக்கென்று ஒரு தலைப்பும் இல்லை. விருந்துக் கவிஞர் என்று நினைத்தவரின் புத்தகத்தில் மோதிரக் கல், காக்கைச் சகுனம், பந்தயக் குதிரை!

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சுருளில் ஆசிரியர் பெயர் எங்கும் எஞ்சவில்லை. இரண்டு கவிதைகள் பொசிடிப்போஸுடையவை என்று முன்பே பிற நூல்களிலிருந்து தெரிந்திருந்தன: பாம்புக் கல் பற்றிய ஒன்று, சிற்பி லிசிப்பஸ் செய்த அலெக்சாண்டர் சிலை பற்றிய ஒன்று. அவை இரண்டும் சுருளில் இருப்பதும், வேறு யார் கவிதையும் இருப்பதாகக் காட்ட முடியாததும்தான் முழுப் புத்தகத்தையும் அவருக்குக் கொடுத்ததற்கு அடிப்படை. பலர் எழுதியதன் தொகுப்பு என்று ஐயப்பட்டவர்கள் உண்டு. பெரும்பாலானோர் ஒரே கவிஞர் என்பதை ஏற்கிறார்கள், எங்கள் கருத்தும் அதுவே. தாலமி குடும்பத்தின் புகழ் பிரிவுக்குப் பிரிவு ஒரே குரலில் வருவது வலுவான காரணம்.

கே: கற்களைப் பற்றி இருபது கவிதையா? ரத்தின சாஸ்திரமா அது? சலிப்பாக இருக்காதா?

ப: புத்தகத்திலேயே எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். சாஸ்திரம் இல்லை. எந்த நாட்டுக் கல், யார் செதுக்கினார், யார் கழுத்துக்கோ கைக்கோ போனது என்று ஒவ்வொரு கல்லின் பயணத்தையும் சொல்கிறார். சிதைந்திருக்கும் முதல் கவிதையிலேயே இந்தியாவின் ஹைடாஸ்பெஸ் ஆறு, இன்றைய ஜீலம், பெயரோடு வருகிறது. அலெக்சாண்டரின் படை எட்டிய தூரம்வரை கற்களும் வந்து சேர்ந்த உலகம் அது.

பாம்புக் கல் கவிதையை நெருங்கிப் பாருங்கள். நம் கதைகளின் நாகரத்தினத்தைப் போலவே, இந்தக் கல் ஆற்றங்கரையில் கிடைத்தது அல்ல, தாடியுள்ள பாம்பின் தலையில் இருந்தது என்று தொடங்குகிறார். வெள்ளைக் கீற்று ஓடிய கல். அதில் ஒரு தேர் செதுக்கியிருக்கிறது. செதுக்கியது எவ்வளவு நுட்பம் என்பதற்கு அவர் சொல்லும் ஒப்புமை: விரல் நகத்தில் தோன்றும் வெள்ளைப் புள்ளி. தேர் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் மேற்பரப்பில் மேடு எதுவும் தென்படாது. இத்தனை உற்றுப் பார்த்தும் செதுக்கியவனின் கண்மணி நோகாமல் இருந்தது எப்படி என்ற வியப்பில் முடிக்கிறார். கல்லில் தொடங்கி, வேலைப்பாட்டுக்குப் போய், வேலை செய்தவனின் கண்ணில் முடிகிறது. எட்டே வரி.

அடுக்கு முறையையும் பார்க்க வேண்டும். பிரிவின் தொடக்கத்தில் மோதிரத்திலும் கழுத்திலும் அடங்கும் கற்கள். முடிவை நெருங்கும்போது கடல் தூக்கி எறிந்த பெரும்பாறை. கடைசிக் கவிதையில் ஹெலிகே என்ற கிரேக்க நகரத்தைக் கடலலையால் அழித்த கடல் தெய்வம் பொசைடனிடம், தாலமியின் நிலத்தையும் தீவுகளையும் அசைக்காமல் விட்டுவிடு என்ற வேண்டுதல். ஹெலிகே அழிந்தது கி.மு. 373-இல். மோதிரக் கல்லில் தொடங்கி நிலநடுக்கத்தில் முடியும் இந்த ஏறுவரிசை, கவிதைகளைத் தனித்தனியாகப் பொறுக்கிப் படித்தால் கைக்கு வரவே வராது. பொசிடிப்போஸைப் படிக்கிறவர்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பக்கத்துக் கவிதையோடு சேர்த்துப் படியுங்கள்.

சிலைப் பிரிவிலும் இதே கலை. சிற்பி தியோடோரோஸ் செய்த சின்னஞ்சிறு தேரைப் பற்றி ஒரு கவிதை. கடிவாள வளையம், அச்சு, ஓட்டுபவனின் கண், விரல் நுனிவரை தெரியும், மொத்தமும் ஓர் ஈயின் அளவோடு ஒப்பிடத் தக்கது. அடுத்த கவிதை ரோட்ஸ் தீவின் மாபெரும் சூரியன் சிலை. ஊரார் அதை இரண்டு மடங்காக்கக் கேட்டார்களாம், லிண்டோஸ் ஊர்ச் சிற்பி கேரஸ்தான் அளவை வரையறுத்தார். ஈயும் மாமலையும் அடுத்தடுத்து. தொகை நூல்காரர்கள் ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் பாதிச் சுவை போயிருக்கும்.

கே: குதிரைக் கவிதைகள் அரச குடும்பத்துக்கு வெறும் துதி என்று படித்தேன். சரியா?

ப: துதி உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ‘வெறும்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அந்தக் காலப் பந்தய விதி தெரியாமல் இவற்றைப் படித்தால் என்ன சாதனை என்பதே பிடிபடாது. நாலு குதிரைத் தேரில் வெற்றி முடி ஓட்டியவனுக்கு அல்ல, குதிரைகளின் உரிமையாளருக்கு. அதனால்தான் ஒலிம்பியா அரங்குக்குள் காலெடுத்து வைக்க முடியாத ஒரு பெண்ணும் அங்கே வெற்றியாளராக முடிந்தது. ஸ்பார்ட்டா அரசகுமாரி கினிஸ்கா கி.மு. 396-லும் 392-லும் அப்படி வென்றவர். ஒரு கவிதையில் பெரினிகே அரசியின் பெண் குதிரைகளே பேசுகின்றன: ஸ்பார்ட்டாவில் கினிஸ்காவுக்கு இருந்த நெடுநாள் புகழை நாங்கள் பறித்துவிட்டோம். நாலு வரியில் ஓர் அரசியல் அறிவிப்பு. மாசிடோனியப் பெண் ஸ்பார்ட்டாவின் பெண்ணை முந்தினாள், எகிப்தின் புது அரசு பழைய கிரேக்கத்தை முந்தியது.

தாலமியின் கடற்படைத் தலைவரான சாமோஸ் தீவின் கல்லிக்ராட்டஸ் டெல்ஃபியில் வென்ற கதை இன்னும் விறுவிறுப்பு. 14 வரி. அவர் தேரும் தெசலியத் தேர் ஒன்றும் ஒரே கணத்தில் எல்லையைத் தொடுகின்றன. நடுவர்கள் முன் ஓட்டுநர்களின் கூச்சல். சீட்டுப்போட்டு முடிவு செய்யலாம் என்று நடுவர்கள் தங்கள் கோல்களைத் தரையில் போடுகிறார்கள். வலப்புற ஓரத்தில் பூட்டியிருந்த பெண் குதிரை தலையைக் குனிந்து ஒரு கோலைத் தானே வாயால் எடுத்துவிடுகிறது, ஆண் குதிரைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பெண். கூட்டம் ஆர்ப்பரித்து அதற்கே முடி என்கிறது. வாகை கல்லிக்ராட்டஸுக்கு. அவர் வெண்கலத் தேரும் ஓட்டுநரும் செய்து, தெய்வமாக்கப்பட்ட அரச தம்பதிக்குக் காணிக்கையாக வைக்கிறார். தம்பதி பெயர் கடைசியில் ஒரு சொல்லில்தான் வருகிறது. கவிதையின் நாயகி அந்தக் குதிரை.

கே: அலெக்சாண்ட்ரியாவின் கலங்கரை விளக்கத்தைப் பாடிய கவிதை இவருடையதா? அதில் கட்டடம் பற்றிய தகவல் ஏதும் உண்டா?

ப: இவருடையதே. அது மிலான் சுருளில் இல்லை. எகிப்தின் மெம்பிஸ் நகர செராபிஸ் கோயிலில் தங்கியிருந்த இரண்டு மாசிடோனியச் சகோதரர்களின் தாள்களில் இருந்தது, 1879-இல் வெளியானது. எழுதியவர்களுக்கு எழுத்துப் பயிற்சி போதவில்லை, பிழை நிறைய. அதனால் பதிப்புகளில் சில சொற்கள் மாறுபடும்.

பத்து வரி. க்னிடோஸ் ஊர் சோஸ்ட்ராடோஸ் நிறுவினார், கிரேக்கர்களுக்குக் காவல் என்று தொடக்கம். பிறகு காரணம்: எகிப்தின் கரையில் தீவுகளில் உள்ளதைப் போலக் குன்றுகள் இல்லை, நிலம் தட்டையாகக் கிடக்கிறது. ஆகவே பகலில் நெடுந்தொலைவிலிருந்து தெரிய ஒரு கோபுரம், இரவில் உச்சியில் பெருந்தீ. அதைப் பார்த்துக் கப்பல்காரன் ‘காளையின் கொம்பு’ என்ற வழித்தடத்தில் நேராக வருவான். ஏன் கட்டினார்கள், பகலில் என்ன பயன், இரவில் என்ன பயன், எந்த வழிக்குக் குறி என்று ஒரு துறைமுகப் பொறியாளர் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. உயரம் எத்தனை முழம் என்பது மட்டும் இதில் இல்லை. உயரத்துக்கு இந்தக் கவிதையை மேற்கோள் காட்டுகிறவர்களை நம்ப வேண்டாம்.

கே: கேள்வி பதிலாகவே அமைந்த அவருடைய கவிதை எது?

ப: கைரோஸ் சிலை பற்றியது. கைரோஸ் என்றால் வாய்ப்பான தருணம், அதை ஒரு தெய்வமாக வடித்தவர் லிசிப்பஸ். சிலையிடம் ஒருவர் கேட்கிறார், சிலை பதில் சொல்கிறது. சிற்பி எந்த ஊர்? சிசியோன். பெயர்? லிசிப்பஸ். நீ யார்? எல்லாவற்றையும் அடக்கும் தருணம். ஏன் நுனிக்காலில் நிற்கிறாய்? எப்போதும் ஓடுகிறேன். காலில் ஏன் இறகு? காற்றாய்ப் பறக்கிறேன். கையில் ஏன் சவரக்கத்தி? எந்த முனையையும்விட நான் கூர்மை என்பதற்கு அடையாளம். முன்நெற்றியில் ஏன் முடி? எதிரே வருபவன் பிடித்துக்கொள்ள. பின்தலை ஏன் வழுக்கை? கடந்து போன பிறகு எவனும் பின்னாலிருந்து பிடிக்க முடியாது. கேள்விகள் காலில் தொடங்கித் தலைக்கு ஏறுவதைக் கவனியுங்கள். சிலை முன் நிற்பவனின் கண் நகரும் வரிசை அது. ‘வாசகன் கண்முன் பொருள் இல்லை’ என்ற சிக்கலை அவர் தீர்க்கும் விதம் இதில் மிகத் தெளிவாகத் தெரியும்.

கே: காலிமாக்கஸும் இவரும் பகைவர்களா?

ப: அதே காலத்து அலெக்சாண்ட்ரியக் கவிஞரான காலிமாக்கஸ் தன் நூலின் முன்னுரையில் தன்னைக் குறைகூறுபவர்களை ‘டெல்கினெஸ்’ என்ற பழைய சூனியக்காரர் பெயரால் சாடுகிறார். அவர்கள் யார் யார் என்று பட்டியலிடும் பழைய உரைக்குறிப்பு ஒன்றில் கவிஞர்கள் அஸ்க்ளெபியாடிஸ், பொசிடிப்போஸ் பெயர்கள் இருக்கின்றன. முந்தைய கவிஞர் அண்டிமாக்கஸின் ‘லிடே’ என்ற நூலைக் காலிமாக்கஸ் இகழ்ந்தார், இவர்கள் இருவரும் புகழ்ந்தார்கள். கருத்து வேறுபாடு உண்மை. அதைத் தாண்டிச் சொல்லப்படும் சண்டைக் கதைகளுக்கு ஆதாரம் இல்லை.

கே: ஒரே கவிதை ஒரு நூலில் அஸ்க்ளெபியாடிஸ் பெயரிலும் இன்னொன்றில் பொசிடிப்போஸ் பெயரிலும் இருக்கிறது. எந்தப் பதிப்பை நம்புவது? மேற்கோள் காட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ப: இருவரும் ஒரே காலம், ஒரே பாணி, ஒரே காதல் உலகம். கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் கதாரா ஊர் மெலியாகர் ‘மாலை’ என்ற தொகையைக் கட்டியபோது, முன்னுரையில் பொசிடிப்போஸ், ஹெடிலோஸ், அஸ்க்ளெபியாடிஸ் மூவரையும் ஒன்றாகவே காட்டுப்பூக்கள் என்று குறித்தார். அந்த மாலையும் அப்படியே கைக்கு வரவில்லை. அதிலிருந்து எடுத்து எடுத்துப் பிற்காலத்தார் தொகுத்து, பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியான பாலட்டைன் தொகையில் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நகலிலும் கவிதைக்கு மேலே எழுதிய பெயர் ஒரு வரி இறங்கினாலோ ‘அதே ஆசிரியர்’ என்ற குறிப்பு இடம் மாறினாலோ உரிமை மாறிவிடும். சில கவிதைகளுக்குப் பிரதியிலேயே ‘பொசிடிப்போஸ் அல்லது அஸ்க்ளெபியாடிஸ்’ என்று இருக்கிறது. அவற்றை ஐயத்துக்குரியவை என்றே எழுதுங்கள்.

எண்ணிடும் முறை மூன்று புழக்கத்தில் உண்டு: பாலட்டைன் தொகையின் புத்தக எண், 1965-இல் வந்த கோ–பேஜ் பதிப்பின் எண், 2002-இல் வந்த ஆஸ்டின்–பாஸ்டியானினி பதிப்பின் எண். மூன்றும் ஒத்துப்போகாது. எந்த எண் என்று சொல்லாமல் ‘பொசிடிப்போஸ் 15’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் தவறான கவிதைக்குப் போவார். மிலான் கவிதைகளுக்கு ஆஸ்டின்–பாஸ்டியானினி எண்ணே வழக்கு. அதில் 1 முதல் 112 வரை சுருளின் வரிசை.

இதைவிடப் பெரிய பொறி சதுர அடைப்புக்குறி. பாப்பிரஸ் பதிப்பில் சதுர அடைப்புக்குள் இருப்பது தாளில் இல்லாதது, பதிப்பாளர் ஊகித்து நிரப்பியது. எழுத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் அந்த எழுத்து ஐயமானது. கூர் அடைப்புக்குள் இருப்பது எழுதியவர் விட்டுவிட்டதாகப் பதிப்பாளர் சேர்த்தது. மொழிபெயர்ப்புகள் பல நேரம் இந்தக் குறிகளை எடுத்துவிடும். அப்புறம் இருபதாம் நூற்றாண்டுப் பேராசிரியரின் சொல் கவிஞரின் சொல்லாக ஊர் சுற்றும். சுருளின் முதல் பத்தியும் கடைசிப் பத்திகளும் அதிகம் சிதைந்தவை. அங்கே அழகான உவமை ஒன்று கிடைத்தால் மேற்கோள் காட்டுவதற்கு முன் கிரேக்க மூலத்தில் அடைப்புக்குறி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் குறி தெரியும்.

கே: அவர் தன்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா?

ப: ஒரு நீண்ட கவிதையில். மெழுகு பூசிய மரப்பலகைகளில் எழுதப்பட்டு பெர்லினில் இருக்கிறது. அதுவும் பிழைகளோடு கூடிய பிரதி, சில வரிகளுக்கு இன்றும் ஒத்த கருத்து இல்லை. வெறுப்பூட்டும் முதுமையைத் தன்னோடு சேர்ந்து பாடக் கலைமகளிரை அழைக்கிறார். பரோஸ் தீவின் கவிஞர் ஆர்க்கிலோக்கஸுக்குக் கிடைத்ததைப் போன்ற ஓர் அருள்வாக்கைத் தனக்கும் தரும்படி அப்பல்லோவைக் கேட்கிறார், மாசிடோனியர் எல்லோரும் தன்னை மதிப்பதற்காக. தன் குலம் பெல்லாவுடையது என்கிறார். நெரிசலான சந்தைவெளியில், புத்தகச் சுருளை விரித்தபடி தனக்குச் சிலை வேண்டும் என்கிறார். தனக்காக யாரும் அழ வேண்டாம்: கோல் ஊன்றாமல், நாக்குத் தடுமாறாமல், பிள்ளைகளுக்கு வீட்டையும் செல்வத்தையும் விட்டு, தீட்சை பெற்றவர்களின் வழியில், இறந்தவர் உலகின் நீதிபதி ராடமந்திஸிடம் போய்ச் சேர வேண்டும்.

கே: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ப: ஆஸ்டின்–பாஸ்டியானினி எண்ணில் சொல்கிறோம். முதலில் 15, பாம்புக் கல். அடுத்து 67, 68 இரண்டையும் ஒரே மூச்சில். பிறகு 74, குதிரை கோலை எடுத்த கதை. அதன்பின் நோய் தீர்தல் பிரிவு முழுதும், ஏழே கவிதை: பாம்புக்கடிக்கு மருந்து கண்ட மெடெயோஸ் எலும்பும் தோலுமான வெண்கல உருவத்தை அப்பல்லோவுக்குக் காணிக்கை வைப்பதில் தொடங்கி, இருபத்தைந்து ஆண்டு பார்வையிழந்திருந்த ஜெனோன் எண்பது வயதில் பார்வை பெற்று, சூரியனை இரண்டே முறை கண்டு இறப்பது வரை போய், செல்வமும் உடல்நலமும் அளவோடு வேண்டும் என்ற வேண்டுதலில் முடியும். கல்லறைப் பிரிவைக் கடைசிக்கு வையுங்கள். அதில் பெண்களே அதிகம். பெண் பிள்ளைகளுக்குக் கம்பளி வேலையும் வண்ண நூல் வேலையும் கற்றுக்கொடுத்த பாதிஸ் என்ற கூலிக்காரியை 46-இல் பாருங்கள். அரசிகளைப் பாடிய அதே யாப்பு, அதே கவனம் அவளுக்கும் கிடைத்திருக்கிறது. கைரோஸும் கலங்கரை விளக்கமும் இந்தச் சுருளுக்கு வெளியே, 112-க்குப் பிந்திய எண்களில் இருக்கும்.